ஓக் நாற்காலியும் நம் பால்மரமும்

(மலாக்கா, பாச்சாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நாற்காலி. டென்மார்க்கில் ஓக் மரத்தில் செய்த, கை வைத்த நாற்காலி. அதன் பழைய பிரதிகளை இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அதை வரைந்தவர் போர்யே மோகென்சென். பாச்சாங்குக்கும் டென்மார்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் முகத்திலேயே கேள்வி தெரிகிறது. இங்கிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் போனால் மூவார். அங்குள்ள தொழிற்சாலைகளில் நாற்காலியாகவும் கட்டிலாகவும் மாறிக் கப்பலேறுவது நம் தோட்டத்துப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். சம்பந்தம் அங்கே இருக்கிறது. மெதுவாக வந்து சேர்வோம்.

முதலில் நாற்காலியைப் பார்த்துவிடுவோம். 1958இல் வந்தது, ஸ்பானிய நாற்காலி என்று பெயர். அகலம் 82.5 சென்டிமீட்டர், உயரம் 67. இருக்கை தரையிலிருந்து 33 சென்டிமீட்டர்தான். சாப்பாட்டு மேசை நாற்காலியின் இருக்கை 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு தாழ்ந்தது என்று புரியும். சட்டம் முழுவதும் கட்டையான ஓக். இருக்கைக்கும் முதுகுக்கும் குதிரைச் சேணம் செய்யும் தடித்த தோல். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, பஞ்சு கிடையாது. இடுப்பு பெல்ட்டில் இருப்பதுபோல வாரும் பக்கிளும் வைத்து, தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் உட்கார்ந்து தோல் தொய்ந்துபோனால், வாரை இன்னொரு துளைக்கு மாற்றி இறுக்கிக்கொள்ளலாம். பழுதுபார்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

அதன் கைப்பலகைகள் அகலமானவை. காபிக் கோப்பை வைக்கலாம், படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கலாம். முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வைத்தபோது அந்த அறையிலிருந்து மேசைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். கைப்பலகை இருக்கும்போது மேசை எதற்கு என்பது மோகென்சென் வாதம். ஸ்பெயினில் அவர் பயணம் செய்தபோது பார்த்த பழைய நாற்காலிகளிலிருந்து இந்த எண்ணம் வந்தது. அந்தலூசியாவிலிருந்து வட இந்தியா வரை, இஸ்லாமியப் பண்பாடு பரவிய நிலமெங்கும் இந்த வகை அகலக்கை நாற்காலி இருந்திருக்கிறது. அதில் இருந்த செதுக்கு வேலை, பூவேலை எல்லாவற்றையும் கழித்துவிட்டு எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டார் அவர். 1950இலேயே வேட்டை நாற்காலி என்ற பெயரில் ஓக்கும் சேணத்தோலும் சேர்த்து ஒன்று செய்திருந்தார். என்னைக் கேட்டால் பின்னால் வந்ததுதான் முழுமையானது. முன்னது கொஞ்சம் வேட்டைக்காரப் பெருமை பேசுகிறது.

இது பணக்காரர் வீட்டு நாற்காலிதானே என்று நீங்கள் சொல்லலாம். இன்று அப்படித்தான். ஆனால் இதைச் செய்தவர் தொடங்கிய இடம் வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தேன்.

மோகென்சென் 1914இல் ஆல்போர்க் நகரில் பிறந்தவர். முதலில் தச்சுப் பட்டறையில் தொழில் கற்றார். பிறகுதான் கோபன்ஹேகனில் படிப்பு. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கோரே கிளிண்ட். கிளிண்ட் தன் மாணவர்களை முதலில் அளக்கச் சொல்வார். மனித உடம்பை அளக்க வேண்டும். மடித்த சட்டையை, தட்டை, கரண்டியை அளக்க வேண்டும். அலமாரித் தட்டின் ஆழம் எவ்வளவு என்பதை அழகு உணர்ச்சியைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது, சட்டையைக் கேட்க வேண்டும் என்பது அவர் பள்ளி. மோகென்சென் இந்தப் பாடத்தை உயிர் உள்ளவரை விடவில்லை. 1950களில் கிரெதே மேயர் என்ற பெண் கட்டடக் கலைஞரோடு சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கும் துணிமணி, பாத்திரம் எல்லாவற்றின் அளவையும் எடுத்து, அதற்கேற்பச் சுவர் அலமாரிகளை வகுத்தார்.

1942இல், 28 வயதில், டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமை அமைப்பான எஃப்.டி.பி. அவரைத் தன் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக்கியது. அப்போது டென்மார்க் ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. நம் ஊரில் ஜப்பான்காரன் ஆட்சி நடந்த அதே காலம். அரிசி, சர்க்கரை, மாவு விற்கிற கூட்டுறவுக் கடைக்கு எதற்கு மரச்சாமான் வடிவமைப்பாளர்? புதிதாக மணமுடித்துச் சின்ன வீட்டுக்குக் குடிபோகும் தொழிலாளர் குடும்பத்துக்கு நல்ல நாற்காலி கட்டுப்படியான விலையில் கிடைக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் நினைத்தது. ஸ்டீன் ஐலர் ரஸ்முசென் என்ற கட்டடக் கலைஞரும் இதற்குத் தூண்டுகோலாக இருந்தார். 1944இல் கோபன்ஹேகனில் அதற்கென்றே ஒரு கடையும் திறந்தார்கள்.

அங்கிருந்து 1947இல் வந்தது ஜே 39 என்ற நாற்காலி. கை கிடையாது, நான்கு கால், முதுகுக்கு ஒரே ஒரு வளைந்த பலகை, இருக்கைக்குக் காகிதக் கயிற்றுப் பின்னல். போர்க்காலத்தில் கடற்புல் கிடைக்காமல் போனதால் முறுக்கிய காகிதத்தையே கயிறாக்கிப் பழகியிருந்தார்கள். அது நல்லதாகவே அமைந்துவிட்டது. டென்மார்க் மக்கள் இதை மக்கள் நாற்காலி என்று அழைத்தார்கள். தேவாலயம், பள்ளி, அலுவலகம், சமையலறை எல்லா இடத்திலும் அது புகுந்தது. மோகென்சென் 1950இல் அந்த வேலையை விட்டுத் தனியாகப் பட்டறை அமைத்தார். ஸ்பானிய நாற்காலி அதற்குப் பிறகு வந்தது. ஃபிரெடெரிசியா என்ற நிறுவனம் இன்றுவரை அதைச் செய்கிறது. அவர் 1972இல் காலமானார்.

ஆக, ஒரு கூட்டுறவுச் சங்கம், உடம்பை அளக்கத் தெரிந்த ஒரு வடிவமைப்பாளர், வேலை தெரிந்த பட்டறைகள். ஓக் நாற்காலியின் புகழுக்குப் பின்னால் இந்த மூன்றும் இருந்தன. மரம் நான்காவதுதான்.

மரத்தையும் கொஞ்சம் பேசுவோம். ஏனென்றால் அதற்கும் நம் மரத்துக்கும் ஒரே மாதிரி ஜாதகம். 1807இல் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகனைக் குண்டு போட்டுத் தாக்கி, டென்மார்க்கின் போர்க்கப்பல்களைக் கைப்பற்றிக்கொண்டு போனது. புதிய கப்பல்கள் கட்ட வேண்டும் என்று டென்மார்க் அரசு ஓக் மரங்களை நட்டது. ஓக் கப்பலுக்கு ஆகும் அளவு பருக்க இருநூறு ஆண்டு வேண்டும். மரம் வளர்வதற்குள் இரும்புக் கப்பல் வந்துவிட்டது. போருக்கு நட்ட மரத்துக்கு வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

இனி நம் ஊர். 1896ஆம் ஆண்டு, இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீனப் பெரியவர் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்து புக்கிட் அசகானில் பெரிதாக நட்டார். விதை கொடுத்து ஊக்கியவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் ரிட்லி. மோகென்சென் வேலை பார்த்த கூட்டுறவு அமைப்பு தொடங்கியதும் அதே 1896இல்தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ரப்பரை யாரும் பலகைக்காக நடவில்லை. பாலுக்காக நட்டார்கள். ஐந்தாறு ஆண்டில் பால்வெட்டுக்கு வரும். இருபத்தைந்து முப்பது ஆண்டு வெட்டலாம். பிறகு மறுநடவு. வெட்டிச் சாய்த்த மரம் எங்கே போயிற்று? அடுப்புக்கு, செங்கல் சூளைக்கு, ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் வீட்டுக்கு. மிச்சத்தைத் தோட்டத்திலேயே போட்டு எரித்தார்கள். காரணம் இருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலம் பாரித்துப் பூஞ்சை பிடிக்கும். பின்னாலேயே வண்டு துளைத்துத் தூளாக்கும். கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் ஆய்வுகள்தான் நிலைமையை மாற்றின. வெட்டியவுடனே அறுத்து, அழுத்தத் தொட்டியில் போரான் உப்புக் கரைசல் ஏற்றி, சூளை அறையில் உலர்த்திவிட்டால் பலகை பல்லாண்டு நிற்கும் என்று நிலைநாட்டினார்கள். 1970களின் கடைசியிலிருந்து ரப்பர் பலகை வணிகம் எழுந்தது. இன்று மலேசிய மர நாற்காலி, மேசை ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்த மரம். மூவார் அதன் தலைநகரம்.

பலகை வெளிர் நிறம். உலர்ந்த பிறகு கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடை. ஓக்கைவிடக் கொஞ்சம் இலேசு. சாயம் நன்றாகப் பிடிக்கும் என்பதால் எந்த மரத்தின் வேடமும் போடும். வெளிநாட்டுக் கடைகளில் மலேசிய ஓக் என்ற பெயரிலும் விற்கிறார்கள். உண்மையில் ஓக்குக்கும் இதற்கும் உறவில்லை. நம் ரப்பர் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அடிமரத்தில் நேரான பாகம் குறைவு என்பதால், துண்டு துண்டாக வெட்டி விரல் கோத்ததுபோலப் பல் வைத்து ஒட்டித்தான் நீளப் பலகை ஆக்குகிறார்கள். உங்கள் வீட்டு மேசையை உற்றுப் பார்த்தால் அந்த ஒட்டு தெரியும்.

இங்கே பால்வெட்டுக்காரர்களின் கையைப் பற்றி ஒரு வார்த்தை. பால் இருப்பது பட்டையில்; மரத்தில் இல்லை. பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் உள்ளே மரத்தைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். விடியும் முன் இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நானூறு ஐந்நூறு மரத்துக்கு இந்தக் கணக்கு. கத்தி ஆழப் போனால் மரம் காயப்படும், அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டுமுண்டாக மூடும், கங்காணியான மண்டோர் திட்டுவார். டென்மார்க் தச்சனின் உளிக்கு எழுதிய புகழ்ச்சியெல்லாம் நூல்களில் இருக்கிறது. இந்தக் கத்திக்கு யாரும் எழுதவில்லை. அதன் கீழ் முப்பது ஆண்டு காயப்படாமல் நின்ற மரம்தான் கடைசியில் பலகையாகிறது.

சரி, அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் எதில் உட்கார்ந்தார்கள்?

தோட்டத்து நாற்காலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது துரை பங்களா வராந்தாவில் கிடக்கும் பிரம்புச் சாய்வு நாற்காலி. அதன் கைகள் முன்னால் நீண்டுகொண்டே போகும்; சிலவற்றில் கைக்கு அடியிலிருந்து இன்னொரு பலகையைச் சுழற்றி வெளியே இழுக்கலாம். அதில் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வார் துரை. இந்தியாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் பெயராலேயே உலகம் அதை அழைக்கிறது. மோகென்சென் நாற்காலிக்கும் இதற்கும் அகலக் கை பொதுவானதுதான். ஒன்று கோப்பை வைக்க, மற்றது கால் வைக்க.

அந்த நாற்காலிக்கு எதிரே நம்மவர் நின்றார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றார்கள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நின்றார்கள். தோட்ட எழுத்தரான கிராணியார் மேசைக்கு முன்னால் சம்பள நாளில் நின்றார்கள். உட்காருவதும் இறங்குவதும்கூட உரிமைப் பிரச்சினையாக இருந்த காலம் அது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் போராடியபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று: துரையோ அதிகாரிகளோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்தபடியே போவதற்கு மக்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தைப் படையை வைத்து ஒடுக்கினார்கள், உயிர்களும் போயின.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் உட்காருவதற்கு வாசற்படி இருந்தது. கவிழ்த்த வாளி இருந்தது. பால் டப்பாப் பெட்டியைப் பிரித்துத் தட்டிய பெஞ்சு இருந்தது. யாரோ ஒரு மாமா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் கிடைத்த பலகையில் செய்தது. வெட்டுக்காரருக்குக் கீழ்வெட்டில் இடுப்பு வளையும். மேல்வெட்டில் கழுத்தும் தோளும் இழுக்கும். பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கித் தோள் காய்த்துப் போகும். அந்த உடம்பு வேலை முடிந்து எப்படி உட்கார்ந்தால் வலி குறையும், இருக்கை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், முதுகுப் பலகை எந்த இடத்தில் தாங்க வேண்டும் என்று ஒரு கிளிண்டும் நம்மை அளக்கவில்லை. என் குறை இதுதான். மரம் நம்மிடம் இருந்தது, கை இருந்தது. அளந்து பார்க்க ஆள் இல்லை.

கூட்டுறவும் நம்மிடம் இருந்தது, மறந்துவிடக்கூடாது. பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடலில் குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுக்காரர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்க முடிந்த கூட்டுறவால் ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்க முடியாதா? ரப்பர் பலகைக்கு விலை வந்த நேரத்தில் அந்த எண்ணம் யாருக்காவது தோன்றியிருந்தால், நம் பெயரிலும் ஒரு மக்கள் நாற்காலி இருந்திருக்கும். சங்கத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; அன்றைக்கு நிலமே பெரிய கவலை.

நவீன வடிவமைப்பு என்பது வெள்ளைக்கார நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால் அவர்களைப் புதுச்சேரிக்கு அனுப்புங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1930களின் இறுதியில் எழத் தொடங்கிய கட்டடம். அந்தோனின் ரேமண்ட் வரைந்தது. அவருடைய அலுவலகத்திலிருந்து வந்து வேலையை நடத்தியவர் ஜார்ஜ் நாகாஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர். ஆசிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர். அந்த விடுதிக்கான தேக்குச் சாமான்களை அவரே வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய மரக்கலைஞர்களில் ஒருவரானார். அவருடைய மரச்சாமான் வாழ்க்கை தமிழ்நிலத்தில் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சண்டிகர் கதை இன்னும் பெரிது, கசப்பானதும்கூட. புதிய தலைநகரைக் கட்ட வந்த லெ கோர்பூசியேயின் உறவினர் பியேர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கினார். யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அலுவலகம், கல்லூரி, நூலகம் எல்லாவற்றுக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் செய்தார்கள். உள்ளூர்த் தச்சர்கள், உள்ளூர் மரம், குறைந்த செலவு. நாற்பது ஆண்டு கழித்துப் பிரம்பு அறுந்ததும் அரசு அலுவலகங்கள் அவற்றை மாடியில் குவித்தன, கழிவுச் சாமான் ஏலத்தில் விற்றன. பிரெஞ்சு வணிகர்கள் வாங்கிக்கொண்டு போய்ச் செப்பனிட்டு, பாரிசிலும் நியூயார்க்கிலும் பல இலட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். இந்தியத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்தவற்றைத்தான் காக்கும். இவற்றுக்கு அந்த வயது இல்லை. 2011இல்தான் உள்துறை அமைச்சகம் விற்பனையைத் தடுத்து ஆணை போட்டது. அதற்குள் போனது போயிற்று. 2019 முதல் ஓர் இத்தாலிய நிறுவனம் அதே நாற்காலியைத் தேக்கில் மட்டுமல்லாமல் ஓக்கிலும் செய்து விற்கிறது. ஏலப் பட்டியல்களில் ஜான்னரே பெயர் இருக்கும். பிரம்பு பின்னியவர் பெயர் இருக்காது. யூலி சௌத்ரியின் பெயரே இப்போதுதான் மெல்ல மெல்ல வருகிறது.

இன்றைக்கு நம் மக்கள் நாற்காலி எது என்று கேட்டால், நேர்மையாகச் சொன்னால், பிளாஸ்டிக் நாற்காலிதான். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், இந்த மண்டபம் உட்பட. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், மழையில் விடலாம், விலை மலிவு. மோகென்சென் தேடியதில் பாதியை அது கொடுத்துவிட்டது. மீதிப் பாதியைக் கொடுக்கவில்லை: உடைந்தால் ஒட்ட முடியாது, வயதானவர் கை ஊன்றி எழுந்தால் கால் விரியும். கோயில் திருவிழாவில் அப்படி விழுந்த பாட்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும். இருக்கை முழங்காலுக்குப் பொருந்தும் உயரம், ஊன்றி எழ உறுதியான கை, வெற்றிலைப் பெட்டி வைக்க அகலம். ரப்பர் பலகையில் செய்யலாம். மூவாரில் இயந்திரம் இருக்கிறது. தொழிற்கல்லூரிகளில் மரவேலை படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் வேலையாக அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பாட்டிமாரிடம் போகட்டும்.

அதற்கு முன் அவசரமாக ஒன்று. மலாக்காவில் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூடிய தோட்ட அலுவலகத்தில் கிராணியார் நாற்காலி இருக்கலாம். பழைய தமிழ்ப்பள்ளியில் இருவர் உட்காரும் பெஞ்சு இருக்கலாம். கோயில் மண்டபத்து மூலையில் யாரோ தட்டிய முக்காலி இருக்கலாம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன், தீ வைக்கும் முன், அதை நான்கு பக்கமும் படம் எடுங்கள். உயரம், அகலம், இருக்கை உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். எந்த மரம், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேளுங்கள். செய்தவர் பெயரை மறக்காமல் கேளுங்கள். எழுதியதை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு படி கொடுத்துவையுங்கள்.